ஷட்டரில் எழுதிய பெயர்கள்

பட்டுக்கோட்டைக் கடைக்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாம் என்று போன மாதம் தம்பி ஷட்டரைச் சுரண்டினான். உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க அடுக்கடுக்காகக் கைப்பேசி நிறுவனங்களின் பெயர்கள் மேலே வந்திருக்கின்றன. சென்னையில் இருக்கும் எனக்குப் படம் எடுத்து அனுப்பினான். ஒரு மூலையில் யூனிநார். அதற்குக் கீழே பாதி அழிந்த ஐடியாவின் மஞ்சள். நடுவில் டாடா டோகோமோ, ஓரத்தில் வீடியோகான், எம்.டி.எஸ்., ஏர்செல், ஆரஞ்சு நிறத்தில் ஹட்ச். எல்லாவற்றுக்கும் அடியில், தகரத்தோடு ஒட்டிக்கொண்டு, அப்பா 1991-ல் எழுதச் சொன்ன மஞ்சள் பட்டையும் கறுப்பு எழுத்தும்: எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. காசு கொடுத்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் பேசும் பொதுத் தொலைபேசி பூத்.

அந்தப் பெயர்களில் ஒன்றுகூட இன்று சந்தையில் இல்லை. அந்தக் காலத்தில் கம்பெனிக்காரர்கள் அவர்களே பெயின்டரைக் கூட்டி வந்து, காசு வாங்காமல் ஷட்டர் முழுக்க அடித்துவிட்டுப் போவார்கள். 2010-ஐ ஒட்டிய வருடங்களில் ஒருவர் அடித்த பெயின்ட் காய்ந்து மூன்று மாதம் ஆவதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார். இப்போது யாரும் வருவதில்லை. தம்பி தன் காசில்தான் பெயின்ட் வாங்கினான்.

படத்தைப் பார்த்ததிலிருந்து ஒரு விஷயம் மனதை விட்டு அகலவில்லை. தொலைத்தொடர்பில் போட்டி வந்த கதையைத் "தனியாரை விட்டார்கள், விலை குறைந்தது" என்று ஒரே வரியில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் கடைக்குள் வளர்ந்தவளுக்கு அது அப்படித் தெரியவில்லை. நிறுவனங்கள் வந்தபோதெல்லாம் விலை குறையவில்லை. அரசு ஒரு விதியை மாற்றியபோது குறைந்தது. விதியைக் காப்பவருக்குக் கை பலம் இல்லாதபோது மறுபடி ஏறியது.

அப்பாவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. பூத் ஒதுக்குவதில் உடல் ஊனமுற்றவர்களுக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் முன்னுரிமை இருந்தது. அப்படித்தான் அவருக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் அந்த ஆறுக்கு எட்டுக் கடை அமைந்தது. கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், மின்விசிறி. வெளியே அப்பாவின் மேசையில் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், பில் அடிக்கும் சின்ன மெஷின். இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும். பின்னிரவில் கால்பங்குக்கு வந்துவிடும். அதனால் ஊர் அடங்கிய பிறகுதான் எங்கள் கடைக்குக் கூட்டம். மதுக்கூர், மல்லிப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த பெண்கள், துபாயிலிருந்தோ ஜித்தாவிலிருந்தோ கணவர் கூப்பிடுவார் என்று மடியில் பிள்ளையோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். சொன்ன நேரத்தில் மணி அடித்தால் அப்பா எழுந்து நொண்டிக்கொண்டே போய்க் கூண்டுக் கதவைத் திறந்துவிடுவார். "பேசும்மா, நான் டைம் பாக்கல" என்பார். வரும் அழைப்புக்கு மீட்டர் ஓடாது.

பேசுவது அவ்வளவு அரிதான பொருளாக இருந்ததற்குச் சட்டக் காரணம் இருந்தது. 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, நாட்டில் தந்தி நடத்தும் தனியுரிமை மத்திய அரசுக்கே என்றது. தொலைபேசியும் தந்தி என்ற சொல்லுக்குள் அடங்கியது. வெள்ளைக்கார அரசு தன் பாதுகாப்புக்காக எழுதிக்கொண்ட வரி, விடுதலைக்குப் பிறகும் ஏறக்குறைய ஐம்பது வருடம் அப்படியே நின்றது. 1994-ஆம் ஆண்டு தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையே தன் நிலைமையை ஒப்புக்கொள்கிறது: நூறு பேருக்கு 0.8 தொலைபேசி, உலக சராசரி 10. நாடு முழுக்கச் சுமார் 80 லட்சம் இணைப்புகள். காத்திருப்போர் பட்டியலில் இன்னும் 25 லட்சம் பேர். வசதியை நடத்தியதும், விலை வைத்ததும், புகாரை விசாரித்ததும் ஒரே துறை. அதில் வேலை பார்த்த லைன்மேன்கள் மழையில் கம்பம் ஏறியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அமைப்பே அப்படிக் கட்டப்பட்டிருந்தது.

அந்தக் கொள்கைக்குப் பின் கைப்பேசி வந்தது. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைப்பேசியில் பேசினார். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டே நிறுவனங்கள் என்று அரசு கணக்குப் போட்டது. சென்னைக்கு ஆர்.பி.ஜி.யும் ஸ்கைசெல்லும், சென்னை நீங்கலான தமிழ்நாட்டுக்கு ஏர்செல்லும் பி.பி.எல்.லும். நிமிடத்துக்கு 8 ரூபாய் 40 காசு, நெரிசல் நேரத்தில் அதன் இரட்டிப்பு வரை வாங்கலாம். வருகிற அழைப்புக்கும் காசு. ஆக, தனியார் வந்தாயிற்று, ஒருவருக்கு இருவர் ஆயிற்று. விலை மட்டும் சாதாரண மனிதன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பேசி வைத்திருந்த ஒன்றிரண்டு நெல் வியாபாரிகள்கூட மணி அடித்தால் எண்ணைப் பார்த்துவிட்டு, அதைத் துண்டித்து, எங்கள் பூத்துக்கு வந்து திருப்பிக் கூப்பிடுவார்கள்.

உரிமம் எடுத்த நிறுவனங்கள் ஏலத்தில் ஆசைக்கு மேல் தொகை சொல்லி மாட்டிக்கொண்டன. கட்ட முடியவில்லை. 1999-ல் புதிய கொள்கை வந்து, நிலையான உரிமக் கட்டணத்துக்குப் பதில் வருவாயில் ஒரு பங்கு என்று மாற்றியது. கம்பெனிகள் பிழைத்தன. அந்த "வருவாய்" என்ற ஒற்றைச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் ஒரு வெடி புதைந்திருந்தது. அது வெடிக்க இருபது வருடம் ஆனது; பிறகு வருகிறேன்.

இதற்கிடையில் 1997-ல் டிராய் பிறந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். நீதிபதி எஸ்.எஸ்.சோதி முதல் தலைவர். பிறந்த குழந்தை நடப்பதற்குள் அடி விழுந்தது. உரிமம் தரும் அரசுத் துறையைக் கட்டுப்படுத்த டிராய்க்கு அதிகாரம் இல்லை என்று 1998-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. "கூப்பிடுபவரே காசு தரட்டும், வருகிற அழைப்பு இலவசமாகட்டும்" என்று டிராய் 1999-ல் போட்ட ஆணையை 2000 ஜனவரியில் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. உரிம ஒப்பந்தத்தில் கை வைக்க உனக்கு உரிமை இல்லை என்பதுதான் காரணம். அதே மாதம் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து டிராயைக் கலைத்துத் திரும்பக் கட்டியது. வழக்குத் தீர்க்கும் வேலை டி.டி.சாட் என்ற தீர்ப்பாயத்துக்குப் போனது. கட்டணம், நிறுவனங்களுக்கிடையிலான இணைப்பு இரண்டும் டிராயிடம். உரிமம், அலைக்கற்றை விஷயத்தில் டிராய் பரிந்துரைக்கலாம், முடிவு அரசுடையது. உரிம நிபந்தனையை மீறியவருக்கு அபராதம் போடுவதும் அரசே. இந்தக் கடைசி இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்திக் கட்டிய டிராய் வேலை செய்தது. நெடுந்தொலைவு அழைப்பைத் தனியாருக்கும் திறந்துவிட்டதும் 2002 தொடக்கத்தில் எஸ்.டி.டி. கட்டணம் சரிந்தது. 2003-ல் கூப்பிடுபவரே காசு தரும் முறை ஒருவழியாக நிலைத்தது. இன்கமிங் இலவசம் ஆனது. எங்கள் கடையின் வரலாற்றில் அதைவிடப் பெரிய நாள் இல்லை. காத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக பெஞ்சைக் காலி செய்தார்கள். சவுதிக் கணவர் இனி வீட்டுக்கே கூப்பிடுவார். ஒரே வருடத்தில் பூத் வருமானம் பாதிக்கும் கீழே போனது. அப்பா கலங்கியதாக எனக்கு நினைவில்லை. கூண்டைக் கழற்றி அந்த இடத்தில் கண்ணாடி அலமாரி வைத்து ரீசார்ஜ் கார்டு விற்க ஆரம்பித்தார். "நம்ம கடை படுத்தா என்ன பாப்பா, அந்தப் புள்ளைங்க ராத்திரியில ரோட்ல நடந்து வர வேண்டாம்ல" என்றார்.

இந்த இடத்தில் இணைப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செய்தித்தாள்கள் இதை ஓரத்தில்தான் போடும். எனக்கு இதுதான் கதையின் உயிர்.

எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் தலைமடையில் மதகை ஏற்றிப் பிடித்துக்கொண்டால் எங்களுக்குத் தண்ணீர் இல்லை. தலைமடைக்காரர் கெட்டவர் என்பதால் இல்லை. அவர் வயலும் காய்கிறது. அதனால்தான் மதகின் சாவி விவசாயி கையில் இருப்பதில்லை. மதகு பார்க்கும் அரசு ஊழியரான லஸ்கரிடம் இருக்கும். முறை வைத்துத் திறப்பார், மூடுவார். தொலைபேசி வலையும் இதே கால்வாய்தான். புதிதாக ஒரு நிறுவனம் வருகிறது. அதன் சிம் வாங்கியவர் யாரைக் கூப்பிடுவார்? பழைய நிறுவனத்தில் இருக்கும் மாமாவை, மச்சானை. அந்த அழைப்பு பழைய நிறுவனத்தின் வாசலில் இறங்கி உள்ளே போக வேண்டும். பழையவர் வாசலைச் சிறிதாக்கினால், அல்லது உள்ளே விட அதிகக் கூலி கேட்டால், புதியவர் எத்தனை டவர் நட்டும் பயனில்லை. அந்த வாசலின் அகலமும் கூலியும்தான் போட்டி இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன.

அந்தக் கூலியை டிராய் படிப்படியாக இறக்கியது. 2004-ல் நிமிடத்துக்கு 30 காசு, 2009-ல் 20, 2015-ல் 14, 2017 அக்டோபரில் 6, 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். ஷட்டரில் பெயர்கள் பெருகிய காலத்தையும் இந்த எண்கள் இறங்கிய காலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு கம்பெனியின் தாராள மனசு என்று நாம் நினைத்ததில் எவ்வளவு பங்கு விதியுடையது என்று தெரியும். இருபது வருடத்தில் எந்த நாளிதழிலும் இது முதல் பக்கச் செய்தியாக வந்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு சின்ன விதி, எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி. 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுக்க வந்தது. அப்போது 19 ரூபாய் கட்டணம். எண்ணை இழக்கும் பயம்தான் வாடிக்கையாளரைக் கட்டிப்போட்ட கயிறு. தறி வைத்திருப்பவர், டெம்போ ஓட்டுபவர், பிரசவம் பார்க்கும் நர்ஸ் யாரும் எண்ணை மாற்ற மாட்டார்கள். அதைக் கழற்றிவிட்டதும் கடையில் "போர்ட் பண்ணணும்" என்பது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. கயிற்றை இழுத்துப் பிடித்தவர்களும் இருந்தார்கள். எங்கள் சித்தப்பா ஒரு நிறுவனத்திலிருந்து வெளியேற விண்ணப்பித்தபோது, பாக்கி இருப்பதாகச் சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அவருடையது முன்பணம் கட்டிப் பேசும் பிரீபெய்ட் எண். அதில் ஏது பாக்கி என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. 2019 டிசம்பரில் டிராய் முறையைத் திருத்தியது. மாறத் தகுதி இருந்தால் மட்டுமே மாறுவதற்கான குறியீட்டு எண் வரும், வந்துவிட்டால் அதே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மூன்று வேலைநாளில் மாற்றித் தர வேண்டும் என்று ஆனது. பிறகு அந்த மாதிரிப் புகார்கள் கடைக்கு வருவது குறைந்தது.

2ஜி பற்றி எழுதாமல் போக முடியாது. தமிழ்நாட்டில் அந்தச் சொல் ஒரு தேர்தலையே தின்றது. 2008 ஜனவரியில் 122 உரிமங்கள், நாடு முழுமைக்கும் 1,658 கோடி ரூபாய் என்று 2001-ல் வைத்த பழைய விலையில், முதலில் வந்தவருக்கு முதலில் என்ற பெயரில் கொடுக்கப்பட்டன. 1.76 லட்சம் கோடி இழப்பு என்று தணிக்கை அதிகாரி ஓர் உத்தேசக் கணக்கைச் சொன்னார். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனை உரிமங்களையும் ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் ஆ.ராசா, கனிமொழி உள்ளிட்ட எல்லோரையும் விடுவித்தது. யார் குற்றவாளி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. உரிமம் கொடுத்த முறை நியாயமானதாக இல்லை, அதை ஏற்கிறேன். என் வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததில். யூனிநாரும் எடிசலாட்டும் போன்ற வெளிநாட்டுக் கூட்டுப் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இனி எல்லாம் ஏலம் என்று ஆனது சரியான முடிவு. ஆனால் ஏலத்தின் நோக்கம் மெல்ல மாறியது. 2010-ல் 3ஜி ஏலத்தில் 67,000 கோடிக்கு மேல் வந்ததும் அரசுக்கு அலைக்கற்றை பட்ஜெட் ஓட்டையை அடைக்கும் பொருளாகத் தெரிய ஆரம்பித்தது. 2015 ஏலத்தில் ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. அடிப்படை விலையை அவ்வளவு உயரத்தில் வைத்ததால் 2016-ல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை வாங்க ஒருவரும் வரவில்லை. நல்ல வீச்சுள்ள அலைக்கற்றை சும்மா கிடந்தது. ஊருக்கு எத்தனை கடை வேண்டும் என்று யோசிக்க வேண்டியவர், கடை வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்று மட்டும் யோசித்தார்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அடுத்த மார்ச் வரை எல்லாம் இலவசம். அதன் பலனை மறுக்க மாட்டேன். பட்டுக்கோட்டையிலிருந்து மெடிக்கல் நுழைவுத் தேர்வுக்குப் படித்த பிள்ளைகள் அந்த டேட்டாவில்தான் வகுப்பு பார்த்தார்கள். ஆனால் ஜியோ வந்த முதல் ஒன்றரை வருடத்தில் நம் நடுவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை யாராவது பாடமாக வைக்க வேண்டும்.

முதலில் வாசல் தகராறு. நூறு அழைப்பில் எழுபத்தைந்து பழைய நிறுவனங்களின் வாசலில் தோற்றுப்போகின்றன என்றது ஜியோ. ஆயிரத்துக்கு ஐந்துக்கு மேல் தோற்கக் கூடாது என்பது விதி. டிராய் விசாரித்து 2016 அக்டோபரில் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் போடலாம் என்று சொன்னது. சொல்லத்தான் முடிந்தது. போட வேண்டியது அரசுத் துறை. அது 2021 செப்டம்பர் கடைசியில்தான் நோட்டீஸ் அனுப்பியது. ஐந்து வருடம்! அதற்குள் வோடஃபோனும் ஐடியாவும் இணைந்து ஒரே நிறுவனம் ஆகியிருந்தன, சந்தையே தலைகீழாகியிருந்தது. லஸ்கர் மதகைத் திறக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுகிறார், உத்தரவு அறுவடைக்குப் பிறகு வருகிறது என்றால் கடைமடைக்காரனுக்கு என்ன பயன்?

அடுத்தது, பழைய நிறுவனங்கள் கூடிச் சேர்ந்து செய்தார்களா என்ற கேள்வி. கூட்டுச் சதியை விசாரிப்பது இந்தியப் போட்டி ஆணையத்தின் வேலை. அது 2017-ல் விசாரணைக்கு உத்தரவிட்டது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போனது. 2018 டிசம்பர் 5 அன்று தீர்ப்பு: முதலில் டிராய் பார்க்கட்டும், அது முடித்த பிறகே போட்டி ஆணையம். சட்டப்படி இதில் பொருள் இருக்கிறது. நடைமுறையில், சந்தை நாட்கணக்கில் மாறும் துறையில் இரண்டு நடுவர்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்பது போல் ஆனது.

மூன்றாவது, எனக்கு அதிகம் கவலை தந்தது. இலவசமாகக் கொடுத்து மற்றவரை அழிப்பதா என்ற புகார். அப்போதுதான் வந்த ஜியோ ஆதிக்க நிலையில் இல்லை என்று போட்டி ஆணையம் 2017-ல் தள்ளுபடி செய்தது. அன்றைய தேதிக்கு அது உண்மை. பிறகு 2018 பிப்ரவரியில் டிராய் ஆதிக்கம் என்பதன் அளவுகோலையே மாற்றியது. சந்தாதாரரிலோ வருவாயிலோ 30 சதவீதம் இருந்தால்தான் ஆதிக்கம். வலையில் ஓடும் போக்குவரத்தின் அளவு கணக்கில் வராது. டேட்டா போக்குவரத்தில் யார் முன்னால் இருந்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்த நேரம் அது. அதே ஆண்டு டிசம்பரில் டி.டி.சாட் அந்த மாற்றத்தின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. டிராய் நேர்மையாகத்தான் முடிவெடுத்தது என்றே வைத்துக்கொண்டாலும், ஆட்டம் நடக்கும்போது கோட்டை நகர்த்தி வரைந்தால் பார்ப்பவருக்கு நம்பிக்கை போகிறது. நடுவருக்கு அந்த நம்பிக்கையைத் தவிர வேறு மூலதனம் கிடையாது.

2018 பிப்ரவரி கடைசியில் ஏர்செல் திவால் மனு போட்டது. தமிழ்நாட்டில் பிறந்த நிறுவனம். தென் மாவட்டங்களில் பல வீடுகளில் குடும்பம் முழுக்க ஏர்செல்தான். டவர் அணைந்ததால் போர்ட் செய்ய அனுப்ப வேண்டிய எஸ்.எம்.எஸ். போகவில்லை. மாநிலம் முழுக்க மக்கள் கையில் உயிரற்ற சிம்மோடு நின்றார்கள். டிராய் தலையிட்டு மாற்று வழி செய்து கொடுத்தது, காலக்கெடுவை நீட்டித்தது. வெளியேறும் நிறுவனத்தின் வாடிக்கையாளரை என்ன செய்வது என்பதற்கு முன்கூட்டியே எழுதிவைத்த உறுதியான முறை இல்லை என்பது அந்த வாரம் தெரிந்தது.

இப்போது புதைந்திருந்த வெடிக்கு வருகிறேன். வருவாயில் பங்கு என்றார்களே, எந்த வருவாய்? தொலைபேசியில் வந்தது மட்டுமா, வங்கி வட்டி, சொத்து விற்ற காசு எல்லாமா? 2003 வாக்கில் தொடங்கிய தகராறு தீர்ப்பாயம், நீதிமன்றம் என்று அலைந்து 2019 அக்டோபர் 24 அன்று முடிந்தது. எல்லாமும்தான் என்றது உச்ச நீதிமன்றம். ஏ.ஜி.ஆர்., அதாவது சரிசெய்யப்பட்ட மொத்த வருவாய், என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அரசு கேட்ட உரிமக் கட்டண பாக்கியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அசல் இல்லை. வட்டி, அபராதம், அபராதத்தின் மேல் வட்டி. ஒரு சொல்லின் பொருளைப் பதினாறு வருடம் தெளிவாக்காமல் விட்டதற்கு ஒரு சந்தை கொடுத்த விலை அது. கந்துவட்டிக்காரரைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரிக்கு இந்தக் கணக்கைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. 2021 செப்டம்பரில் அரசே நிலைமையை உணர்ந்து நான்கு வருட அவகாசம் கொடுத்தது. தொலைத்தொடர்பு அல்லாத வருவாயை இனிமேல் சேர்ப்பதில்லை என்று வரையறையைத் திருத்தியது. இருபது வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டிய வரி. வோடஃபோன் ஐடியாவின் பாக்கியைப் பங்காக மாற்றி மாற்றி, 2025 ஏப்ரலில் அரசு அதில் 48.99 சதவீதத்துக்குச் சொந்தக்காரர் ஆனது.

இப்போது படத்தை முழுதாகப் பாருங்கள். பி.எஸ்.என்.எல். அரசுடையது. வோடஃபோன் ஐடியாவில் மிகப் பெரிய பங்குதாரர் அரசு. அலைக்கற்றையை விற்பது அரசு, அனுமதி தருவது அரசு, டிராய்த் தலைவரை நியமிப்பது அரசு. வழக்காளியும் நாட்டாமையும் ஒருவரே. மறுபக்கம் முதல் இரண்டு நிறுவனங்களின் கையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாடிக்கையாளர்கள். 1995-ல் இருவர் என்று தொடங்கி, பன்னிரண்டு வரை போய், கிட்டத்தட்ட இருவருக்கே திரும்பி வந்திருக்கிறோம்.

இதன் வாசம் கடையில் தெரிகிறது. மாதம் என்பது 28 நாளாகி, வருடத்துக்கு 13 ரீசார்ஜ் ஆனது எப்படி என்று ஒரு நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா தம்பியிடம் கேட்டார். அவனுக்குப் பதில் தெரியவில்லை. 2022 ஜனவரியில் டிராய் ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள், கேட்டால் மட்டும் காட்டும் பட்டியலில். 2024 ஜூலைத் தொடக்கத்தில் மூன்று பெரிய நிறுவனங்களும் இரண்டே நாட்களுக்குள் கட்டணத்தை ஏற்றின. கூடிப் பேசித்தான் ஏற்ற வேண்டும் என்றில்லை; கடைத்தெருவில் இரண்டே கடை இருந்தால் ஒருவர் ஏற்றுவதை மற்றவர் பார்த்தாலே போதும்.

எங்கள் அம்மாவிடம் பட்டன் போன். வாட்ஸப் கிடையாது, வேண்டும் என்று கேட்டதும் கிடையாது. காலையில் என்னோடும் மாலையில் தன் அக்காவோடும் பேச வேண்டும், அவ்வளவுதான். அவரிடம் இருக்கும் எண்ணின் நிறுவனத்தில், பேச மட்டும் என்று ஒரு திட்டம் ரொம்ப நாள் இல்லை. தொடவே தொடாத டேட்டாவுக்கும் சேர்த்து ஒவ்வொரு முறையும் கட்டினார். நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் இந்த நிலையில் இருப்பதாக டிராயே கணக்குச் சொல்லி, 2024 டிசம்பர் 23 அன்று பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.க்கும் மட்டுமான திட்டம் கட்டாயம் என்று ஆணை போட்டது. 2025 ஜனவரியில் வந்த முதல் திட்டங்களில் டேட்டா போயிருந்தது, விலை அதிகம் குறையவில்லை. ஆராய்வோம் என்று டிராய் சொன்னதும் சில நாளில் இன்னும் சற்று இறக்கினார்கள். "ஆராய்வோம்" என்ற ஒரு சொல்லுக்கே அவ்வளவு பலம் இருக்கிறதென்றால், அதன் பின்னால் அதிகாரமும் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன்.

அந்த அதிகாரத்தைக் கொடுக்க ஒரு வாய்ப்பு வந்தது. 1885 சட்டத்தை மாற்றிப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நூற்றுக்கு மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் இருந்த நாட்களில், பெரிய விவாதம் இல்லாமல். அதில் நல்லவை உண்டு. டவர் நடவும் கேபிள் புதைக்கவும் வழியுரிமை தெளிவானது, உரிமங்களின் காடு அனுமதி என்ற எளிய முறைக்கு மாறியது. அபராதம் போடும் அதிகாரம் மட்டும் டிராய்க்கு வரவில்லை. அரசு நியமிக்கும் தீர்ப்பு அதிகாரி, அவர் மேல் முறையீடு கேட்க அரசு அதிகாரிகளின் குழு, அதற்கும் மேலேதான் டி.டி.சாட். டிராய்த் தலைவராகத் தனியார் துறையில் முப்பது வருட அனுபவம் உள்ளவரும் வரலாம் என்று கதவு திறந்தது. அப்படி வருபவர் எந்தக் கதவு வழியாகத் திரும்பிப் போவார் என்பதைப் பற்றி இன்னும் அழுத்தமாக எழுதியிருக்க வேண்டும். நூற்று முப்பத்தெட்டு வருடத்துக்கு ஒரு முறை வந்த வாய்ப்பில், மதகின் சாவியை லஸ்கரிடம் கொடுக்காமல் மறுபடி தலைமடையிலேயே வைத்துவிட்டார்கள்.

எனக்குத் தோன்றுவது இது. இணைப்பு, எண் மாற்றம், சேவைத் தரம் ஆகியவற்றில் மீறியவருக்கு டிராயே குறிப்பிட்ட நாளுக்குள் அபராதம் போட வேண்டும். போட்டி ஆணையமும் டிராயும் ஒரே புகாரை ஒரே நேரத்தில் சேர்ந்து விசாரிக்க வழி வேண்டும். சொந்த டவர் இல்லாமல், பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் நிறுவனங்களுக்கு 2016-ல் விதி வந்தது. ஆனால் பெரிய நிறுவனம் விற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லாததால் அது பெரிதாக வளரவே இல்லை. அந்தக் கட்டாயம் வந்தால், நான்காவது, ஐந்தாவது பெயர் ஷட்டரில் ஏற ஏலத்தில் லட்சம் கோடி கொட்ட வேண்டியதில்லை.

இதெல்லாம் பெரியவர்கள் விஷயம் என்று நினைக்க வேண்டாம். டிராய் ஒவ்வொரு முடிவுக்கு முன்பும் ஒரு கலந்தாய்வுத் தாள் வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம் என்கிறது. வெளிப்படையாக நடக்க வேண்டும் என்பது அதன் சட்டத்திலேயே இருக்கிறது. அழைப்பு அறுந்தால் ஒரு ரூபாய் நஷ்டஈடு என்ற ஆணையை உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் ரத்து செய்ததற்கு அந்த வெளிப்படைத்தன்மைக் குறையும் ஒரு காரணம். 2015-ல் இணையச் சமநிலைக்காக, அதாவது எல்லா இணையதளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதற்காக, லட்சக்கணக்கான சாதாரண மக்கள் மின்னஞ்சல் அனுப்பினார்கள். அடுத்த பிப்ரவரியில் டேட்டாவுக்குப் பாகுபாடான கட்டணம் கூடாது என்று விதி வந்தது. பேச்சு மட்டும் திட்டம் பற்றிய தாள் வந்தபோது நானும் ஒன்றரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். அம்மாவின் ஒரு வருட ரீசார்ஜ் தேதிகளையும் தொகைகளையும் தம்பியின் நோட்டிலிருந்து எடுத்து அட்டவணையாகப் போட்டேன்.

அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. தம்பி ஷட்டரை முழுதாகச் சுரண்டவில்லை. மேலே இருந்த பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, அடியில் இருந்த மஞ்சள் பட்டையை மட்டும் ஒரு கை அளவுக்கு அப்படியே விட்டு, சுற்றிலும் சாம்பல் நிறம் அடித்திருக்கிறான். அம்மாவின் பேச்சுத் திட்டம் 84 நாளுக்கு ஒரு முறை. அடுத்த தேதியைக் கடைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.